பாடத்தை இணையத்தில் ஏற்றும் வேலையில் மாணவர்களையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் 17 வருடமாக மின்னியல் துறையில் பாடம் எடுக்கிறேன். என்பிடெல் இணையப் பாடங்களில் மாணவர்களைச் சேர்த்துத் தேர்வுக்கு அனுப்பும் பொறுப்பும் சில வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. அதில் பார்த்ததை வைத்து ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பாடங்களை இணையத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பேராசிரியர் மட்டும் செய்தால் அது பாதி வேலைதான். மீதியைச் செய்யத் தெரிந்தவர்கள், போன வருடம் அதே பாடத்தோடு முட்டி மோதிப் பாஸான மாணவர்கள். அவர்களை இதில் சேர்க்க வேண்டும், சேர்த்தால் அந்த உழைப்புக்கு மதிப்பெண்ணும் பெயரும் கொடுக்க வேண்டும்.

முதலில் என்பிடெல்லைப் பற்றி. 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் மத்திய அரசின் பணத்தில் தொடங்கிய திட்டம் இது. 2014 முதல் சான்றிதழும் தருகிறார்கள். சேரக் காசு கிடையாது, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஐஐடி பேராசிரியர் எடுக்கும் வகுப்பு சாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பையனின் போனுக்கு வந்து சேர்கிறது என்பது நான் படித்த காலத்தில் கனவிலும் வராத விஷயம், அதனால் இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நடப்பது என்னவென்றால், நாற்பது பேர் சேர்கிறார்கள், இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் வாராவாரம் அசைன்மென்ட் விடையை டெலிகிராமில் தேடி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிவதால் தேர்வறையில் உட்கார்ந்ததும் உண்மை தெரிந்துவிடுகிறது. சோம்பேறிப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைக்கு ஒரு மணி நேர ஆங்கில வகுப்பில் எங்கே வழி தப்பியது என்பதே தெரிவதில்லை. தெரியாததால் எங்கே திரும்பப் போய்ப் பார்ப்பது என்றும் தெரிவதில்லை.

2020 ஊரடங்கில் நானும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் (இயந்திரங்களைத் தானாகக் கட்டுப்படுத்தும் முறைகள்) பாடம் முழுவதையும் வீடியோவாக எடுத்து யூடியூபில் போட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி, அரசுப் பள்ளியில் இருந்து வந்தவள், ஒரு நீளமான நோட்டை என்னிடம் காட்டினாள். என் ஒவ்வொரு வீடியோவுக்கும் நிமிடக் கணக்கு எழுதி வைத்திருந்தாள். ‘12-வது நிமிடம்: டைப், ஆர்டர் இரண்டும் வேறு வேறு, இங்கேதான் குழம்பும்’ என்று ஒரு குறிப்பு. ‘21-வது நிமிடம்: இங்கே மூன்று வரி விட்டுப்போயிருக்கிறது, புத்தகத்தில் பார்’ என்று இன்னொன்று. அந்த மூன்று வரி என்ன என்று போய்ப் பார்த்தேன். பீக் டைம், அதாவது வெளியீடு உச்சத்தைத் தொடும் நேரம், கண்டுபிடிக்க வகையிடும்போது கொசைன் உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அதைப் பலகையில் எழுதாமலே ‘இது உங்களுக்கே தெரியும்’ என்று தாண்டியிருக்கிறேன். எனக்கு அது 17 வருடப் பழக்கம், அவளுக்கு அது ஒரு சாயங்காலம் முழுக்கப் போன இடம். இந்த மாதிரி இடங்களை எந்தப் பேராசிரியரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, அவருக்கு அங்கே பள்ளம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அவளும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். யூடியூப் தானாகப் போட்ட வசன வரிகளைத் திருத்தினார்கள் (‘ஐகன் வேல்யூ’ என்ற கணிதச் சொல்லை நான் சொன்ன இடத்தில் எல்லாம் ‘ஐ கேன் வேல்யூ’ என்று இருந்தது, அதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்?). விட்டுப்போன வரிகளை எழுதிச் சேர்த்தார்கள். ஃபீட்பேக் என்றால் என்ன என்பதற்கு நான் புத்தகத்தில் இருந்த விமான உதாரணத்தைச் சொல்லியிருந்தேன். அவர்கள் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவையை வைத்து ஒரு பக்கம் எழுதினார்கள், அதுவும் தமிழில். எல்லாவற்றையும் நான் படித்துத் திருத்திய பிறகே வெளியிட்டோம். தவறுகளும் இருந்தன, அதற்குத்தானே நான் இருக்கிறேன். அடுத்த வருட மாணவர்கள் வீடியோவைத் திறக்கும் முன்பே அந்த நிமிடக் கணக்கைத் திறந்தார்கள். வகுப்பில் கேட்கும் கேள்விகளே மாறிவிட்டன.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2000-களின் கடைசியிலேயே ‘டிஸ்கிரைப்’ என்ற பெயரில் இப்படி ஒரு முறை வைத்திருந்தார்கள். பேராசிரியரின் ஸ்லைடுகளை மாணவர்கள் வாங்கி, ஒவ்வொரு படமும் யாருக்குச் சொந்தம் என்று பார்த்து, உரிமைச் சிக்கல் உள்ளதை எடுத்துவிட்டு வேறு படம் வைத்து, அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடுவார்கள். இது நமக்கும் மிகத் தேவையான வேலை. நம் ஆசிரியர்களின் ஸ்லைடுகளில் பாதிப் படம் வெளிநாட்டுப் பாடநூலில் இருந்து ஸ்கேன் செய்ததுதான். வகுப்பில் கற்பிப்பதற்காகப் படி எடுப்பதற்கு நம் சட்டத்தில் இடம் இருக்கிறது, டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால் உலகமே பார்க்கும்படி இணையத்தில் போடுவது வேறு. அதற்குப் பயந்தே நல்ல ஸ்லைடுகளை வெளியே விடாமல் வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒரு பிளாக் டயக்ராமைப் புதிதாக வரைய ஒரு மாணவனுக்குப் பத்து நிமிடம் போதும், வரைந்தால் அவனுக்கும் அது மனதில் நிற்கும்.

நம் நாட்டிலும் மும்பை ஐஐடியில், கல்வியில் இலவச மென்பொருளைப் பரப்பும் ஃபாஸி திட்டத்தில், பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை மாணவர்கள் சைலேப் என்ற கணக்கிடும் மென்பொருளில் நிரலாக எழுதித் தருகிறார்கள். சரிபார்த்து இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைக்கிறார்கள். முதல் பக்கத்தில் எழுதிய மாணவரின் பெயரும் அவருடைய கல்லூரியும் இருக்கும், சிறு தொகையும் உண்டு. மென்பொருள்களைக் கற்றுத்தரும் அதே ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் வீடியோக்களில் பாடக் குறிப்பைப் பதிவு செய்யும் முன் அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். தமிழிலும் கேட்கலாம்.

ஆக வழி இருக்கிறது. எங்கள் கல்லூரிகளில் இல்லாதது அங்கீகாரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், நான்கு கிரெடிட் இணையப் பாடம் ஒன்றை முழுதாக உருவாக்கும் ஆசிரியருக்கு 20 மதிப்பெண் உண்டு, பதவி உயர்வுக்கு அது உதவும். கூடவே உட்கார்ந்து வசனம் திருத்தி, படம் வரைந்து, கேள்வி தயாரித்த மாணவருக்கு ஒன்றும் கிடையாது. 2021 விதிகளில் ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று வந்துவிட்டது, அதாவது படித்தால் கிரெடிட் உண்டு. படிப்பதற்கான பாடத்தை உருவாக்கினால் மட்டும் ஏன் கிடையாது? மினி பிராஜெக்ட் என்ற பெயரில் கடையில் காசு கொடுத்து வாங்கிவந்து காட்டுவது எத்தனை கல்லூரிகளில் நடக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஒரு பாடத்தின் ஒரு யூனிட்டை எடுத்து, ஆசிரியரோடு சேர்ந்து, அடுத்த வருடப் பிள்ளைகளுக்குப் புரியும்படி செய்து தருவதை மினி பிராஜெக்டாக ஏற்றுக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழகம் அடுத்த பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இதை விதியாக்கினால் ஆசிரியர் சும்மா உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளிடம் வேலை வாங்குவார். ஏற்கனவே அப்படி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் செய்யட்டும். மாணவர் பெயர் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. தவறு இருந்தால் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியர், மாணவர் இல்லை. இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நோட்டைக் காட்டிய மாணவி படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டாள். அவள் பெயர் இன்னும் அந்தக் குறிப்புகளின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தில் ரூட் லோகஸ் என்ற பகுதி மட்டும் பாக்கி, வரும் செமஸ்டரில் இரண்டு பேர் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு கல்லூரி ஆசிரியர்கள் யாருக்காவது இந்தக் குறிப்புகள் வேண்டுமென்றால் தாராளமாகத் தருகிறேன், அவர்கள் மாணவர்கள் அதில் தவறு கண்டுபிடித்தால் எங்களுக்குத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
மின்னியல் துறை ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்