ஆல்பா சென்டாரி இரட்டை என்று கண்டது புதுச்சேரியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரட்டை நட்சத்திரங்களையும் ஒளி மாறும் நட்சத்திரங்களையும் ஆராயும் ஒரு வானியலாளரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் புதுச்சேரியின் பெயர் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் இந்த ஊரில் இருந்தார். சயாமில் (இன்றைய தாய்லாந்து) நடந்த ஆட்சிக் கலகத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர், தெற்கே தாழ்வாகத் தெரியும் ஆல்பா சென்டாரி என்ற நட்சத்திரம் ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு என்று கண்டுபிடித்தார். சூரியனைப் போன்ற அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 80 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. ரிஷோ பார்த்த பிறகு நாலு சுற்று முடிந்து இப்போது ஐந்தாவது ஓடுகிறது. சுற்றும் காலமும் இடைவெளியும் தெரிந்தால் எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். தனியாக நிற்கிற நட்சத்திரத்தை எந்தத் தராசில் வைப்பது? அதனால்தான் வானியலாளர்கள் இரட்டைகளை விடாமல் பின்தொடர்கிறார்கள்.

நான் படித்தவன் இல்லை. பஞ்சாலையில் ரிங் பிரேம் ஓட்டியவன், பாதி நாள் ராத்திரி ஷிப்டு. அல்கோல் என்ற நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். மங்கலான துணை நட்சத்திரம் குறுக்கே வந்து மறைப்பதுதான் காரணம். அதை 1783இல் சொன்னவர் ஜான் குட்ரிக், காது கேளாத 18 வயதுப் பையன். சரி, நாமும் பார்ப்போம் என்று தோன்றியது. கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு ராத்திரி, ஷிப்டுக்குள் நுழையும்போது பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் மிர்ஃபாக்கும் அதுவும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். இரண்டரை மணி டீக்கு, தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்து நிமிர்ந்தால், திரியை இறக்கிவிட்ட லாந்தர் மாதிரி அல்கோல் ஒடுங்கிக் கிடந்தது. டீ ஆறிப்போனது. மறுநாள் ராத்திரி பார்த்தால் பழையபடி பளிச்சென்று இருந்தது. அன்றிலிருந்து தேதியும் நேரமும் நோட்டில் எழுதிவந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒளி மாறும் நட்சத்திரங்களிலும் நம்மவர் ஒருவர் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றியும் உங்கள் இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை வர வேண்டும்.

ரிஷோவுக்கு வருகிறேன். வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769இல் இங்கே காத்திருந்து, கடைசியில் மேகம் மறைத்து ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டியின் கதையை ஊரில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு 80 வருடம் முன்பே இங்கிருந்து ஒன்றைக் கண்டே பிடித்தவரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கடற்கரைச் சாலையில் தினமும் நடக்கிறேன், அவர் பெயரில் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. அரசு ஒரு சின்னக் கல்வெட்டாவது வைக்க வேண்டும், தமிழிலும் பிரெஞ்சிலும். காந்தி சிலையிலிருந்து தெற்கே தள்ளி, விளக்கு வெளிச்சம் குறைவாக உள்ள இடமாகப் பார்த்து வைத்தால் நல்லது. கல்வெட்டைப் படித்தவர்கள் அங்கேயே நிமிர்ந்து பார்க்கலாமே.

பார்ப்பது கஷ்டமில்லை. வைகாசி நடுவில் ராத்திரி பத்து மணிக்குத் தெற்கு நோக்கி நின்று கையை நீட்டிச் சாண் பிடியுங்கள். அடிவானத்திலிருந்து அந்தச் சாணுக்குள்ளேயே ஆல்பா சென்டாரி நிற்கும். அதற்கு வலப்பக்கம் பீட்டா சென்டாரி, இன்னும் வலப்பக்கம் தென்சிலுவை. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். சின்னத் தொலைநோக்கி இருந்தால் போதும், பிரிந்துவிடும். போன வருடம் கடற்கரையில் சில இளைஞர்கள் தொலைநோக்கி வைத்திருந்தபோது நானும் வரிசையில் நின்று பார்த்தேன். மஞ்சளாக ஒன்று, அதை ஒட்டிக் கொஞ்சம் சிவந்தாற்போல் இன்னொன்று. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியதால் நகர வேண்டியதாயிற்று. அப்புறம் மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.

வைகாசி பிறந்ததும் இந்த விவரத்தை உங்கள் புதுச்சேரிப் பதிப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
முதலியார்பேட்டை, புதுச்சேரி