முகப்புப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுக் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வாசகர்கள் சிலர் உங்கள் நாளிதழில் எழுதி வருவதைப் படித்தேன். முகப்பு கம்பீரமாக இருக்க வேண்டும், பழைய பாணிக்குத் திரும்ப வேண்டும், கண்ணாடிச் சுவர் வேண்டாம் என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். எல்லாமே வெளியில் நின்று பார்ப்பவரின் பார்வை. நான் பொதுக் கட்டடங்களின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவமனை, நூலகம், அலுவலகம் எதுவானாலும் திறப்பு விழாவெல்லாம் முடிந்து, ஆட்கள் புழங்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் கைக்கு வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதல்முறையாக, கவலையோடு, உள்ளே யாரையும் தெரியாமல் வருகிறாரே ஒருவர், அவருக்கு அந்தக் கட்டடம் எவ்வளவு உதவுகிறது என்பதுதான் வடிவமைப்புக்கு வைக்க வேண்டிய முதல் சோதனை.

வாசலிலேயே இது தெரிந்துவிடும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தை 1:12 என்ற சரிவுக்கு மேல் செங்குத்தாகக் கட்டக்கூடாது என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு. தளம் தரையைவிட 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அந்த நீளத்துக்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தால்தான் உண்டு. ஒதுக்காமல் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் படிக்கட்டின் ஓரமாக இரண்டு மீட்டரில் ஒரு சிமென்ட் சரிவைப் போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் அப்படிப்பட்ட சரிவு நேராகக் கதவில் போய் முடிந்தது. கனமான கண்ணாடிக் கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் ஒரு கையால் கதவை இழுத்தார், நாற்காலி பின்னால் உருண்டது. சக்கரத்தைப் பிடித்தார், கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டிருந்தால் அவருக்கு யார் துணையும் தேவைப்பட்டிருக்காது. உள்ளே சலவைக்கல்லுக்குச் செய்த செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

அடுத்து, காது. இதை யாரும் பேசுவதில்லை. உயரமான கூரை, பளபளக்கும் கல் தரை, சுற்றிலும் கண்ணாடி என்று காத்திருப்புக் கூடத்தைக் கட்டிவிடுகிறோம். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டால் வெறும் இரைச்சல்தான் வந்து சேரும். வயதானவர்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் எழுந்து கவுன்டருக்குப் போய், "என் பெயரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார்கள். இதற்கான தீர்வு புதிதல்ல. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது எதுவும் புரியவில்லை என்று வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். காலியான கூடத்தில் எழுந்த ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று இரவு இரவாக அளந்தார். கூடத்தின் கன அளவும் ஒலியை உறிஞ்சும் பரப்பும் தெரிந்தால் எதிரொலியை முன்கூட்டியே கணக்கிடலாம் என்பது அப்படித்தான் தெரியவந்தது. நூறாண்டுக்கு மேல் பழைய கணக்கு. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதித்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். செய்யாமல் விடுகிறோம், காரணம் முகப்புப் படத்தில் சத்தம் தெரியாது.

பயன்படுத்துகிறவரின் நிலையில் இருந்து யோசித்த கட்டடத்துக்கு உதாரணம் கேட்டால், பின்லாந்தில் ஆல்வர் ஆல்டோ வடிவமைத்து 1933-ல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையைச் சொல்வேன். நோயாளி நாள் முழுவதும் மல்லாந்து படுத்திருப்பவர், அவர் பார்ப்பது கூரையைத்தான் என்பதிலிருந்து ஆல்டோ தொடங்கினார். கூரைக்குக் கண்ணை உறுத்தாத நிறம் கொடுத்தார். விளக்கைப் படுத்திருப்பவரின் கண்ணில் நேராக அடிக்காத இடத்தில் வைத்தார். இருவர் தங்கும் அறையில் ஒருவர் கை கழுவினால் மற்றவர் தூக்கம் கெடக்கூடாது என்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும் கோணத்தில் தொட்டியை அமைத்தார். மருத்துவரின் அங்கிக் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவுப் பிடியை வளைத்தார். கட்டடக் கலை என்று நான் மதிப்பது இதைத்தான். ஜன்னலும் இப்படிப்பட்ட விஷயம்தான். 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே எடுத்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 46 பேர்தான், பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனாலும் வார்டு ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவெடுக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது.

வெளியேறும் வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1903 டிசம்பரில் சிகாகோவின் இரோகுவாய் அரங்கம் தீப்பிடித்தபோது 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல கதவுகள் பூட்டியிருந்தன, சில கதவுகளின் தாழ்ப்பாளைத் திறக்கும் விதமே கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. உடம்பால் தள்ளினாலே திறக்கும் கதவுகள் பரவியது அதற்குப் பிறகுதான். இன்றும் வெளியேறும் வழியில் பழைய மேஜை நாற்காலிகளை அடுக்கிப் பூட்டு போடுகிற பழக்கத்தை என்னவென்று சொல்வது! பொருள் வைக்கும் அறைக்கு வரைபடத்திலேயே போதிய இடம் விட்டால் இதில் பாதி குறையும்.

அப்புறம் என் துறைக்கே உரிய ஒரு குறை. மூன்று மாடி உயரக் கூரையில் விளக்கு மாட்டுகிறார்கள். அது எரியாமல் போனால் சாரம் கட்டித்தான் மாற்ற வேண்டும், அதனால் யாரும் மாற்றுவதில்லை. கழிப்பறைக் குழாய்களைச் சுவருக்குள் புதைத்து டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரையே உடைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டுக் குழாய்களை அதில் கொண்டுபோனால், வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். பெண்கள் கழிப்பறையும் ஆண்களுடையதும் ஒரே பரப்பில் இருந்தால் சமம் என்று நினைப்பதும் தவறு. பெண்களுக்கு நேரம் கூடுதலாகும், உடன் வரும் குழந்தையும் உண்டு. வரிசை எப்போதும் எந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாதவை அல்ல. திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறவர்களின் மேஜைக்குப் போவது பெரும்பாலும் வண்ண முகப்புப் படம், கேள்விகளும் அதைப் பற்றியே வருகின்றன. ஒப்புதலுக்கு முன் தரைத்தள வரைபடத்தை அங்கே வேலை செய்யப்போகும் செவிலியர், எழுத்தர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரிடமும், மாற்றுத்திறனாளிகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். திறந்து ஓராண்டு ஆனதும் வடிவமைப்பாளர் வந்து ஒரு வேலை நாள் முழுவதும் உள்ளே இருந்து பார்த்து அறிக்கை தருவதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பொதுக் கட்டடம் பற்றிச் செய்தி வெளியிடும்போது முகப்புப் படத்தோடு தரைத்தள வரைபடத்தையும் அச்சிடுங்கள். சாய்தளம், கழிப்பறை, வெளியேறும் கதவு மூன்றும் எங்கே என்று அதில் குறித்திருந்தால் போதும். மீதியை வாசகர்களே கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்புப் பொறியாளர்