பூண்டியில் தங்கிய மணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மலையாறுகளின் குறுக்கே நின்ற பழைய அணைகள் அகற்றப்படுவது குறித்த செய்திகள் நம் நாளிதழ்களிலும் அவ்வப்போது வருகின்றன. 2021 நவம்பரில் கொசஸ்தலையாற்று வெள்ளம் மணலி புதுநகருக்குள் புகுந்ததை மறக்காத எங்கள் பகுதி மக்களில் சிலர், அவற்றைப் படித்துவிட்டு, அதே ஆற்றின் குறுக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் நிற்கும் நீர்த்தேக்க அணையைச் சுட்டி, "பூண்டியையும் இடித்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மணலோடு பழகியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அவர்கள் சுட்டிக்காட்டும் எல்வா ஆறு, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் மலைகளிலிருந்து இறங்கிச் சுமார் 72 கி.மீ. ஓடிக் கடலில் கலப்பது. 1913-இலும் 1927-இலும் மின்சாரத்துக்காக அதன் குறுக்கே கட்டப்பட்ட இரண்டு அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி வைக்கப்படாததால், சால்மன் மீனை நம்பி வாழ்ந்த க்ளாலம் பழங்குடியினர் ஏறக்குறைய நூறாண்டுகள் அந்த இழப்பைச் சுமந்தனர். 1992-இல் சட்டம் இயற்றப்பட்டும், இடிக்கும் வேலை 2011-இல்தான் தொடங்கியது; மீன் ஏறும் பருவங்களில் நிறுத்தி நிறுத்திச் செய்ததால் முடிய 2014 ஆகிவிட்டது. அணைகளின் பின்னால் தேங்கியிருந்த வண்டலும் மணலும் கூழாங்கல்லும் ஏறத்தாழ 2.1 கோடி கன மீட்டர். பூண்டியின் முழுக் கொள்ளளவான 3,231 மில்லியன் கன அடியில் இது கால் பங்கை நெருங்கும். அதில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே கீழே இறங்கிவிட, கடல் அரித்துக்கொண்டிருந்த முகத்துவாரத்தில் புதிய மணல் திட்டுகள் எழுந்தன.

அவ்வளவு மணல் அங்கே கிடைத்ததற்குக் காரணம் பாறையும் வானமும்தான். ஒலிம்பிக் மலைகள் கடலடிப் படிவங்களிலிருந்து உயர்ந்த, இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலைகள். பனியாறுகள் அரைத்து வைத்த கற்குவியலும், ஆண்டின் பெரும்பகுதி பெய்யும் மழையும் பனி உருகும் நீரும், செங்குத்தான சரிவும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. 2024-இல் நான்கு அணைகளும் அகற்றப்பட்டு முடிந்த, அமெரிக்காவின் இன்னோர் ஆறான க்ளமத்தின் கதையோ வேறு. அதன் மேற்பகுதி எரிமலைப் பாறை நிலம். மழையையும் பனிநீரையும் உறிஞ்சி வைத்துக் கோடையில் ஊற்றாக விடுவது. அங்கே அணைகளுக்குள் படிந்திருந்ததில் பெரும்பகுதி மணல் அன்று, இறந்த பாசி கலந்த மெல்லிய சேறு. ஒரே நாட்டின் இரண்டு ஆறுகளே இப்படி வேறுபடும்போது, அந்த அளவுகோலை அப்படியே தூக்கிவந்து திருவள்ளூர் மாவட்டத்தில் வைக்க முடியாது.

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். பூண்டிக்கு அருகில் எடுத்தது. முட்டையைவிடச் சற்றே பெரிது, இளஞ்சிவப்பு ஓடிய வெண்மை, நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். நகரி, அல்லிக்குழி மலைப்பக்கத்துக் குவார்ட்சைட் பாறை இது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த கற்காலக் கருவிகளும் இந்தக் கல்லால் ஆனவைதான். இவ்வளவு கடினமான பழைய மலை, எல்வாவின் மலையைப்போல் ஆண்டுதோறும் அள்ளிக் கொடுக்காது. கொடுப்பதையும் வடகிழக்குப் பருவமழையின் ஓரிரு புயல் நாட்களில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மற்ற மாதங்களில் வறண்டு கிடக்கும்.

ஆகவே பூண்டியை இடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீரும் வந்து சேர்கிறது. சென்னை அதைக் குடிக்கிறது. ஏரி நிரம்பிய பிறகு வருகிற வெள்ளத்தை அப்படியே திறந்துவிடுகிறார்கள் என்பதால், பூண்டி இல்லாவிட்டாலும் அதே நீர் அதே வழியில் மணலிக்கு வந்திருக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கிணறுகளில் உப்பு ஏறியது பழைய கதை. வல்லூர் போன்ற சிறு அணைக்கட்டுகளில் தேங்கும் நீர்தான், ஆறு தொன்றுதொட்டுப் பரப்பிய மணற்படுகைக்குள் இறங்கி, அந்த உப்பை ஓரளவு எதிர்த்து நிற்கிறது. திருவொற்றியூர்க் கரை அரிபடுவதற்கும் பூண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்ததால்தான் மெரினா அகன்றது, வடக்கே ஊர் கரைந்தது. எண்ணூரில் கடலுக்கு வரும் ஆற்று மணல் காட்டுப்பள்ளிப் பக்கம் போகுமே ஒழியத் திருவொற்றியூருக்குப் பெரிதாகத் திரும்பாது.

ஆனால் தூர்வாரும் விஷயத்தில் எல்வாவிடம் கற்க வேண்டியது உண்டு. ஏரிக்குள் ஆறு நுழையும் தலைப்பில் பருமணல் படியும். அணைக்கரையை ஒட்டி மெல்லிய களிமண் படியும். இரண்டையும் 'தூர்' என்ற ஒரே சொல்லில் அடைத்து லாரியில் ஏற்றிவிடுகிறோம். களிமண் வயலுக்கும் சூளைக்கும் போகட்டும். பருமணலில் ஒரு பங்கையாவது, பல்லாண்டுகளாக அள்ளப்பட்டுக் குழிந்துபோன ஆற்றுப்படுகையில், அடுத்த வெள்ளம் இழுத்துச் செல்லும்படி அணைக்குக் கீழே பரப்பலாமே. எல்வாவில் இடிப்புக்கு முன்னரே தேங்கியிருந்ததை அளந்து, எது மணல், எது சேறு என்று பிரித்து அறிந்திருந்தார்கள். இங்கே ஒவ்வொரு முறை தூர்வாரும்போதும் எத்தனை கன மீட்டர் மணல், எத்தனை கன மீட்டர் களிமண், எது எங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டது என்பதை ஏரிக்கரையிலேயே ஒரு பலகையில் எழுதி வைக்குமாறு நீர்வளத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எண்ணூர், வடசென்னை