'வட்டி உயர்வால் சரிவு' என்ற தலைப்பு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டி உயரும் நாளில் பங்குச்சந்தை இறங்கினால் 'வட்டி உயர்வால் சரிவு' என்று செய்தி வருகிறது. ஏறினால் 'வட்டி உயர்ந்தும் ஏற்றம்' என்று வருகிறது. இரண்டிலுமே காரணம் விடுபட்டுப் போகிறது. எவ்வளவு உயரும் என்று சந்தை முன்கூட்டியே போட்ட கணக்குக்கும், அறிவிப்பில் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய விலையை நகர்த்துகிறது.

2022 மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத கூட்டத்துக்குப் பின், ரிசர்வ் வங்கி ரெப்போவை 0.40 சதவீதம் உயர்த்தியது. வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தையும் 4லிருந்து 4.5 சதவீதமாக்கியது, இதனால் மட்டும் சுமார் 87,000 கோடி ரூபாய் புழக்கத்திலிருந்து விலகும் என்றது. யாரும் எதிர்பார்க்கவில்லை. மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அன்றே 1,307 புள்ளிகள் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று உயர்வு 0.50 சதவீதம், மே மாத உயர்வைவிடப் பெரியது. சென்செக்ஸோ 1,017 புள்ளிகள் ஏறியது! அதற்கு முந்தைய ஏழு வர்த்தக நாட்களும் தொடர்ந்து இறங்கியிருந்தது. பயந்தவர்கள் அதற்குள் விற்று முடித்திருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2022 ஜூன் 10 அன்று பணவீக்கம் 8.6 சதவீதம் என்று தெரிந்ததும், அரை சதவீத உயர்வை நினைத்திருந்தவர்கள் முக்கால் சதவீதத்துக்குக் கணக்கை மாற்றினார்கள். பங்குச்சந்தைக்குப் பெரிய அடி 13ஆம் தேதியே விழுந்தது. 15ஆம் தேதி அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் முக்கால் சதவீதமே உயர்த்தியபோது எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கப் பங்குக் குறியீடு சுமார் ஒன்றரை சதவீதம் ஏறியது. மறுநாள் மூன்று சதவீதத்துக்கு மேல் இறங்கியது. முதல் நாள் ஏற்றத்தை நம்பி அவசரமாக வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்டு வைத்திருப்போர் செய்யும் தவறு இன்னொன்று. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் சந்தை வட்டி 0.25 சதவீதம் ஏறினால், புதிய பத்திரம் கூடுதல் வட்டி தருவதால் பழையதன் விலை நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 1.75 ரூபாய் இறங்கும். எதிர்பார்த்த உயர்வாக இருந்தால், இந்த இறக்கத்தின் பெரும்பகுதி அறிவிப்புக்கு முன்பே ஃபண்டின் யூனிட் விலையில் வந்திருக்கும். அறிவிப்பு நாளில் பதறி விற்பவர் அந்த நஷ்டத்தை உறுதியாக்கிக்கொள்கிறார். அன்று பார்க்க வேண்டியது ரிசர்வ் வங்கி ஆளுநரின் அறிக்கையை: இன்னும் உயர்த்துவோம் என்ற சாடை எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தால் பத்திரம் மேலும் இறங்கும்.

சந்தைக்குப் பழையதாகிவிட்ட உயர்வு வீட்டுக்கடன்காரருக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. ரெப்போவுடன் இணைந்த கடனில் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 6.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 22,367 ரூபாய். வட்டி 9 சதவீதமானால் 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 22,500 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் அசல் குறையாது, கூடும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தடுத்தது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டிப்பதா என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்றும் சொன்னது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

ரெப்போ வட்டியை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு கூடும் ஒவ்வொரு முறையும், முடிவுக்கு முந்தைய நாள் இதழில் சந்தையின் எதிர்பார்ப்பையும் பத்தாண்டுப் பத்திர வட்டியையும் இரண்டே வரியில் வெளியிடுங்கள். மறுநாள் செய்தியில் அவற்றோடு குழுவின் வாக்கு விவரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்