ஃபியூஸ் பேட்டரி பக்கத்தில் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

பிக்கப் வண்டியில் கூடுதல் விளக்கு, ஏர் கம்ப்ரசர் என்று மாட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் பேனல் வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வைக்கட்டும், ஆனால் வயரிங்கில் காட்டும் அலட்சியம்தான் பயமாக இருக்கிறது.

என் வண்டியில் பேனல் மாட்டியவர் பேட்டரி வயரை இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டு ஓட்டை வழியாக அப்படியே இழுத்துவிட்டிருந்தார், ரப்பர் வளையம்கூட இல்லை. சில மாதத்தில் தகட்டு விளிம்பு உரசி உரசி, சிவப்பு உறை கிழிந்து உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. ஃபியூஸ் எங்கே என்று தேடினால் பேனலுக்குப் பின்னால்! அங்கே இருந்து என்ன பயன்? வயர் நடுவழியில் வண்டியின் இரும்பு பாடியைத் தொட்டால் கரண்ட் பேனல் வரை போகாமல் அங்கேயே பாய்ந்துவிடும்; அந்த ஃபியூஸ் போகாது, வயர்தான் பற்றி எரியும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

அப்புறம் ரிலே, அதாவது சின்ன கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் மின்சுவிட்ச். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும், அதைச் சின்ன சுவிட்ச் வழியாக நேராக விட்டால் சுவிட்ச் சூடாகி உருகிவிடும். ரிலே போட்டால் சுவிட்சில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவுதான்.

வேலை முடிந்ததும் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

ஒரு வாசகர்