லேபிளைச் சுரண்டாதீர்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் பெயர் எதுவும் அச்சிடாத அந்த வெள்ளை லேபிள் இசைத்தட்டை எடுத்து விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் வழுவழுப்பான இடத்தில் யாரோ கையால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. நான் கண்ணைச் சுருக்கிப் படிப்பதற்குள் "போதும், வை" என்று வாங்கி உறைக்குள் போட்டுவிட்டீர்கள். தேநீர் வந்தது. பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. தொலைபேசியில் கேட்டால் இன்னும் சுலபமாகப் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால்தான் ஊரறிய எழுதுகிறேன். கோபப்படுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தட்டை நான் கேட்கவில்லை. ஒரே ஒரு பதிவு எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் கேட்டேன். "140 பவுண்ட் கொடுத்து வாங்கியது, ஊருக்கெல்லாம் இலவசமாகத் தரவா?" என்றீர்கள். இதைச் சொன்னது நீங்கள்தானா என்று வழியெல்லாம் யோசித்தேன். இருபது வருடங்களுக்கு முன், ஸ்கா என்ற ஜமைக்கா இசை என்னவென்று தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தவன் மடியில், செருப்புப் பெட்டி நிறைய சிங்கிள்களை, பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டுகளை வைத்து, "கேட்டுவிட்டு மெதுவாகக் கொடு" என்று அனுப்பியவர் நீங்கள். எட்டு மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். அதில் ஆல்டன் எல்லிஸ் பாடிய 'கேர்ள் ஐவ் காட் எ டேட்' தட்டில் குறுக்கே ஒரு கீறல் போட்டிருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (ஒருவேளை அந்தக் கீறல்தான் இத்தனை வருடம் கழித்துப் பேசுகிறதோ?)

மறைத்துவைப்பது இந்த இசையின் பிறவிக் குணம் என்று வாதாடுவீர்கள், தெரியும். காக்சன் கதையைத்தான் எடுப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம், அதாவது பெரிய ஒலிபெருக்கிகள் வைத்துத் தட்டு போட்டு நடன ஆட்டம் நடத்தியவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் தட்டுதான் மூலதனம். யாரிடமும் இல்லாத பாட்டு எவரிடம் இருக்கிறதோ அவர் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் போகும். டிக்கெட்டும் அங்கேதான் விற்கும், பீரும் அங்கேதான் விற்கும். ஆகவே காக்சன் டாட், வில்லிஸ் ஜாக்சனின் 'லேட்டர் ஃபார் கேட்டர்' தட்டின் லேபிளைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதற்கு 'காக்சன் ஹாப்' என்று பெயர் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். போட்டியாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்தார்கள். ஒருநாள் டியூக் ரீட் அதைக் கண்டுபிடித்து, காக்சன் காதில் விழும்படியே போட்டார். கேட்ட காக்சனுக்கு மயக்கமே வந்துவிட்டது என்பார்கள்.

இந்தக் கதையை நீங்கள் ரசித்துச் சொல்லும்போதெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதன் அடுத்த பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்கள். அவர்களுக்குப் பிடித்த வகை அமெரிக்கப் பாட்டு வருவது குறைந்தபோது, இவர்களே உள்ளூர்க்காரர்களை அழைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். முதலில் அதையும் வெளியே விடவில்லை. தங்கள் ஆட்டத்தில் போடுவதற்கென்று சில தடவை போட்டாலே தேய்ந்துபோகும் மென்தட்டுகள் ஒன்றிரண்டு மட்டும் வெட்டிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் போகாமல் நின்று அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் கடையில் விற்கத் தட்டு அழுத்தினார்கள். நீங்களும் நானும் துடைத்துத் துடைத்து வைக்கும் இந்த ஏழு அங்குல சிங்கிள், பூட்டிவைத்தது வெளியே வந்ததால் பிறந்த பொருள், அண்ணா. காக்சனுக்குச் சுரண்டினால் பிழைப்பு நடந்தது. உங்களுக்கு என்ன நடக்கிறது? நீங்கள் சவுண்ட் சிஸ்டமா நடத்துகிறீர்கள்?

சரி, அந்த வெள்ளை லேபிளுக்கு வருகிறேன். ட்ராம்போன் ரிக்கோ ரோட்ரிகஸ் என்று அடித்துச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரும் டான் டிரம்மண்டும் கிங்ஸ்டனின் ஆல்ஃபா பள்ளியில் படித்தவர்கள்தான், ஒரே மண்ணின் ஒலிதான். ஆனால் ரிக்கோ 1961 முடிவதற்குள் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். உங்கள் தட்டில் இருப்பது முழுக்க முழுக்க ஸ்கா. கிட்டாரும் பியானோவும் தாளத்தின் பின்பாதியில் வந்து விழும் அந்த வெட்டு, ஸ்கடலைட்ஸ் குழு சேர்ந்து வாசித்த 1964, 65 காலத்து வெட்டு. அப்படியென்றால் அது அந்தக் குழுவில் ட்ராம்போன் வாசித்த டான் டிரம்மண்டாக இருக்கலாம். 1965 புத்தாண்டை ஒட்டிக் காதலியைக் கொன்று, மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1969இல் அங்கேயே இறந்துபோன மனிதர். இனி அவர் புதிதாக ஒன்றும் வாசிக்கப் போவதில்லை. இந்த இரண்டரை நிமிடம் அவருடையது என்றால், அது உங்கள் அலமாரியில் மட்டும் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடையது இல்லாமலும் இருக்கலாம். அதை நீங்களும் நானும் தேநீர் குடித்துக்கொண்டே தீர்மானிக்க முடியாது. கீறிய எழுத்துகளில் பல சமயம் தயாரிப்பாளர் பெயரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அதை வேறு தட்டுகளின் எண்களோடு ஒப்பிட்டால் காலம் ஓரளவு பிடிபடும். அச்சிட்ட லேபிளையே நம்ப முடியாத துறை இது. ஒரே குழு வாசித்ததை ஒரு தட்டில் அதன் சாக்ஸபோன்காரர் ரோலண்ட் அல்ஃபோன்சோ என்பார்கள், இன்னொன்றில் ஸ்கடலைட்ஸ் என்பார்கள். இங்கிலாந்தில் அழுத்தும்போது பாட்டின் பெயரே மாறிவிடுவதும் உண்டு. பல காதுகள் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

என்னிடம் ஒரு வெள்ளை லேபிள் பதினொரு வருடம் அநாதையாகக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதைப் பதிவு செய்து, தெரிந்தவர்கள் நாலு பேருக்கு அனுப்பினேன். அது கை மாறி, பர்மிங்காமில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு ஜமைக்கா முதியவரிடம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வரி வருவதற்குள் அவர் கூடவே பாடத் தொடங்கிவிட்டாராம். பாடகர் பெயரைச் சொன்னார், எந்தத் தெரு முனையில் அந்தப் பாட்டுக்கு ஆடினார் என்பதையும் சொன்னார். நான் "மழையில்" என்று கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை உண்மையில் ஒரு பெண்ணின் பெயர் என்று திருத்தினார். பதினொரு வருடம் தப்பாகவே முணுமுணுத்திருக்கிறேன்.

ரட்டி ரெட்வுட் விஷயத்தையும் நினைத்துப் பாருங்கள். 1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தவர். பாரகன்ஸ் குழு பாடிய 'ஆன் தி பீச்' பாட்டுக்கு, டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் மென்தட்டு வெட்டும்போது குரலைச் சேர்க்க விட்டுப்போனது. தூக்கி எறிய வேண்டிய தட்டு. அவரோ அதை ஆட்டத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார். கூட்டமே வாய்விட்டுப் பாடியது. அதற்குப் பின்தான் சிங்கிளின் மறுபக்கத்தில் குரலில்லாத வாசிப்பைப் போடும் வழக்கம் பரவியது. அந்தக் குரலில்லாத வாசிப்பின் மேல்தான் யூ-ராய் தாளத்தோடு பேசினார், கிங் டப்பி அதைப் பிரித்து மேய்ந்து டப் என்ற புது இசை ஆக்கினார். பிழையான தட்டு என்று ரெட்வுட் அதை வீட்டில் வைத்திருந்தால்?

பதிவு எடுப்பதில் தட்டு கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். நான் எப்படி எடுக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் மென்மையான தூரிகையால் வட்டத்தின் போக்கிலேயே துடைப்பேன். ஜமைக்காவில் அழுத்தியவற்றில் பாதிக்கு நடுத்துளை நடுவில் இருப்பதில்லை. அப்படியே சுற்றவிட்டால் ட்ராம்போன் கடல் சீக்கு வந்தவர் மாதிரி மேலும் கீழும் ஆடும். பெரிய துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துவிட்டு, தட்டைச் சுற்றவிட்டு, ஊசிக்கை இடமும் வலமும் எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பேன். பிறகு நிறுத்தி, விரல் நுனியால் ஒரு மயிரிழை தள்ளுவேன். மறுபடி சுற்றவிடுவேன். ஐந்தாறு முறை தள்ளினால் கை அசையாமல் நிற்கும். ட்ராம்போனும் நேராக நிற்கும். இரைச்சலைக் கணினியில் கழுவித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய தட்டுகளை அரைத்து மறுபடி அழுத்திய சரக்கு அது, கொஞ்சம் பொரியத்தான் செய்யும். கழுவினால் சிம்பல் ஒலியும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். மறுபதிப்பாகக் கடையில் கிடைக்கும் எதையும் நான் பகிர்வதில்லை. அந்தக் கலைஞர்களில் பலர் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போனவர்கள். மறுபதிப்பில் அவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ நாலு காசு போகும் என்றால் அதை நான் கெடுக்க மாட்டேன். யாரும் பெயர் சொல்லாத, யாரும் விற்காத தட்டுகளைத்தான் கேட்கிறேன். உங்கள் 140 பவுண்டுக்கும் பங்கம் வராது. பெயர் தெரிந்த தட்டுக்குத்தான் விலை ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

வரும் ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். பதிவுக் கருவியை நானே எடுத்து வருவேன்; தட்டு உங்கள் அறையைவிட்டு வெளியே போகாது. நீங்களே ஊசியை வையுங்கள்.

கூடவே ஒரு சிங்கிளும் கொண்டுவருகிறேன். 'கேர்ள் ஐவ் காட் எ டேட்', ட்ரெஷர் ஐல் லேபிள், கீறல் இல்லை. லேபிளில் மட்டும் யாரோ நீலப் பேனாவால் 37 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதை அழிக்க வேண்டாம், அண்ணா.

அன்புடன்,
உங்கள் தம்பி