பந்து தானாக நழுவுவதில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் முதல் ஸ்லிப்பில், அதாவது மட்டையின் விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்க விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், நின்ற காலத்திலிருந்தே உங்கள் ஆட்டத்தைப் பார்த்துவருபவன் நான். ஓய்வுபெற்று கிரிக்கெட் வர்ணனை அறைக்குள் நீங்கள் நுழைந்தபோது மிகவும் மகிழ்ந்தவர்களில் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தனிக் கடிதமாக அனுப்பாமல் பொதுவில் எழுதக் காரணம், நான் சொல்லப்போகும் குறை உங்களிடம் மட்டும் இருப்பதல்ல.

சென்ற தொடரில் ஒரே நாளில் இரண்டு கேட்சுகள் தவறின. முதலாவது, அணியின் மூத்த வீரர் ஸ்லிப்பில் விட்டது. மார்பளவு உயரத்தில் நேராக வந்த பந்து. “வெளிச்சம் சற்றுத் தொந்தரவு செய்திருக்கலாம், பந்து கையில் நிற்கவில்லை” என்றீர்கள். ஒரு மணி நேரம் கழித்து, தன் இரண்டாவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த இளைஞர், எல்லைக் கோட்டை நோக்கிப் பின்னாலேயே ஓடி எட்டிப் பிடிக்க முயன்ற பந்து விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. “தவறவிட்டுவிட்டார். இந்தத் தரத்தில் இதையெல்லாம் பிடித்தே ஆக வேண்டும்” என்றீர்கள். இரண்டில் எது கடினமான கேட்ச் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும் அன்றுதான் எனக்கு உண்மையிலேயே விளங்கின. மூத்தவர் விட்டால் பந்து “நழுவுகிறது”. இளையவர் விட்டால் அவர் “நழுவவிடுகிறார்”. பெரிய வீரரின் சதத்துக்கு எழுவாய் அவரே: அடித்தார், விளாசினார், வென்று கொடுத்தார். அவரே மோசமான ஷாட் ஆடி வெளியேறினால் எழுவாய் மாயமாகி, “இன்று அமையவில்லை” என்று ஒரு வினைச்சொல் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே, முன்னாள் வீரர்கள் வர்ணனையில் வீரர்களிடம் மென்மையாக நடந்துகொள்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டை நான் அப்படியே ஏற்பதில்லை. அவர்களுடைய மென்மை ஆள் பார்த்து அளக்கப்படுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்கான காரணங்கள் தெரியாதவன் அல்லன். நேற்றுவரை ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள். இன்று இரவும் அதே விடுதியில் எதிரே வருவார்கள். சம்பளம் தருபவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. 2019 உலகக் கோப்பையின்போது இந்திய வீரர் ரவீந்திர ஜடேஜாவைத் துண்டு துணுக்கு ஆட்டக்காரர் (எதிலும் முழுத் தேர்ச்சி இல்லாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் செய்பவர்) என்ற பொருளில் முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர் விமர்சித்தார். (அது நல்ல விமர்சனமும் அல்ல, காரணம் சொல்லாமல் ஒட்டிய முத்திரை. அரையிறுதியில் 59 பந்துகளில் 77 ஓட்டங்கள் எடுத்து ஜடேஜா பதில் சொன்னார், மஞ்ச்ரேக்கரும் தம் கணிப்பு தவறியதை ஒப்புக்கொண்டார்.) 2020 மார்ச்சில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் வர்ணனையாளர் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

“களத்தில் நின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும்” என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். வலி தெரிந்தவர் என்பதால்தானே உங்களை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள்? 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில், ஆட்டத்தைச் சமன் செய்யவே நியூசிலாந்துக்குச் சிக்ஸர் தேவைப்பட்ட கடைசிப் பந்தை, சிக்ஸர் அடிக்கவே முடியாதபடி தரையோடு உருட்டிவிடுமாறு, பந்து வீசிய தம் தம்பி டிரெவரிடம் சொன்னார் ஆஸ்திரேலிய அணித் தலைவர் கிரெக் சேப்பல். அன்று தொலைக்காட்சியில் பேசிய ரிச்சி பெனோ, தாமே ஆஸ்திரேலிய அணியின் தலைவராக இருந்தவர். மைதானத்தில் தாம் பார்த்த மிக மோசமான செயல்களில் ஒன்று என்று கண்டித்ததோடு அவர் நிறுத்தவில்லை. பந்துவீச்சாளர்களின் ஓவர்களைக் கணக்குப் போடுவதில் கிரெக் பிசகியதையும் எடுத்துச் சொன்னார். கோபம் வீட்டில் இருந்து பார்த்த எல்லோருக்கும் வந்திருக்கும்; அந்தக் கணக்குப் பிசகு, அணியை வழிநடத்திப் பழகியவரின் கண்ணுக்கே முதலில் படும். கிரெக்கின் அண்ணன் இயன் சேப்பல்கூடத் தம்பிக்காகப் பரிந்து பேசவில்லை.

கடுமையைக் காட்சிப்பொருளாக்கும் வர்ணனையையும் நான் கேட்கவில்லை. வெட்டி ஒட்டப்படும் பத்து நொடிக் காணொளிக்காகவே சீறுபவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் ரிஷப் பந்த் தேவையில்லாத ஷாட்டுக்கு ஆட்டமிழந்தபோது சுனில் கவாஸ்கர் “முட்டாள்தனம்” என்று மூன்று முறை சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதை ஒட்டி அவர் சொன்ன காரணம்தான் பலருக்கு மறந்துபோனது: அந்தப் பக்கம் இரண்டு பீல்டர்கள் நிற்கிறார்கள், முந்தைய பந்திலேயே அதே ஷாட் தவறியிருக்கிறது. சொல் காரமானதுதான், எனக்கே சற்று உறுத்தியது. ஆனாலும் அது ரிஷப் பந்த் என்ற மனிதரின் குணத்தைப் பற்றியதல்ல, அந்த ஒரு பந்துக்கு அவர் எடுத்த முடிவைப் பற்றியது. 2025 ஜூனில் லீட்ஸில் அதே பந்த் சதமடித்தபோது, அதே கவாஸ்கர் “அபாரம்” என்பதையும் மூன்று முறை சொன்னார். திட்டிய வாய் என்பதால் அந்தப் பாராட்டுக்கு எடை இருந்தது. உங்கள் பாராட்டு எல்லோருக்கும், எல்லா நாளும் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்பவருக்கே அதன் மதிப்பு தெரியாமல் போயிருக்கும்.

உங்களுக்கு இது முடியாத காரியமும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், மழையால் ஆட்டம் நின்றிருந்த ஒரு பிற்பகலில், நீங்கள் ஆடிய நாளில் விட்ட ஒரு கேட்சைத் திரையில் காட்டினார்கள். சிரித்து மழுப்பியிருக்கலாம். நீங்களோ படத்தை நிறுத்தச் சொல்லி, “இதோ, பந்து வந்து சேர்வதற்கு முன்பே தலையைத் தூக்கிவிட்டேன், கண் பந்தைவிட்டுப் போய்விட்டது, கை மட்டும் அங்கே காத்திருக்கிறது” என்றீர்கள். ஸ்லிப்பில் கேட்ச் ஏன் தவறுகிறது என்பதை அந்த அரை நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டேன். வெளிச்சத்தின் மீது நீங்கள் பழி போடவில்லை. எழுவாயாக நீங்களே நின்றீர்கள்.

சென்ற தொடரில் அந்த மூத்த வீரர் விட்ட கேட்சையும் மூன்று கோணங்களில், மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவர் தலை தூக்கியிருந்ததா, ஐயா?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் ரசிகன்